இருபத்தொன்பது

தடைக்காலத்தின் நாற்பத்தோராவது நாள்.
கத்திரி வெயில்.
காசிமேட்டில் விசைப்படகுகள்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு
சும்மா கிடக்கின்றன.

உபதேசியார் பத்திநாதன் ஒரு வேன் பிடித்தார்.
தலைக்கு நூற்றெண்பது,
மதியம் தக்காளி சாதம் உட்பட.
எருசலேம் போக வக்கில்லாதவங்க
எர்ணாவூர் வரைக்கும் போறோம்
என்றாள் மதலேன்,
ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு.

முதலில் ராயபுரம்.
பழைய கிடங்கொன்றின் மாடியில் அருங்காட்சியகம்.
கண்ணாடிக்குள் புளியங்கொட்டை அளவு பைபிள்.
படிக்க முடியுமா என்றேன்.
படிக்க இல்லம்மா, பார்க்க
என்றார் காவலாளி.
வீட்டில் இருப்பதும் அப்படித்தான்.
யோர்தான் தண்ணீர் ஒரு சீசாவில்,
அடியில் கொஞ்சம் பாசி.
அதற்குப் பக்கத்தில்
சிவப்பு வெல்வெட்டில் யூதாசின் காசு.
முப்பது என்று எழுதியிருந்தது.

விடியற்காலை ஏலத்தில் நின்று பழகிய கண்,
எதைப் பார்த்தாலும் எண்ணிவிடும்.
இருபத்தொன்பது.
இந்தப் பக்கமிருந்து எண்ணினேன்.
இருபத்தொன்பது.
காவலாளி குரலைத் தாழ்த்தினார்:
போன கிறிஸ்துமசுக்கு யாரோ ஒண்ணை
எடுத்துட்டாங்கம்மா.
வெள்ளிகூட இல்ல, வெறும் ஈயம்.

அதைக் கொண்டுபோய் என்ன வாங்கியிருப்பார்கள்?
படி இறங்கும்வரை யோசித்தேன்.
மதலேன் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாள்,
வெயிலில் நின்றிருந்தாள்.

தண்டையார்பேட்டை பள்ளி மைதானத்தில்
நோவாவின் பேழை.
படகுத் தச்சர் வியாகுலம்
விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.
பிளைவுட்டு.
சுற்றி வந்தார், குனிந்தார்.
ஏரா மரம் எங்கேப்பா?
இது கொசஸ்தலை ஆத்தையே தாண்டாது.
உள்ளே ஒட்டகச்சிவிங்கி ரெண்டு, கரடி ரெண்டு.
யானை மட்டும் ஒன்று.
ஜோடி யானை
கல்யாண மண்டப வாசலுக்கு வாடகைக்குப் போயிருக்கிறதாம்.
மீன் எங்கே என்றான் சின்னவன் ஜெரோம்.
மீனுக்கு எதுக்குடா கப்பல்?
ஊரெல்லாம் தண்ணி,
வலை வீச ஒருத்தன் இல்ல.
அதுங்களுக்கு அது தடைக்காலம்
என்றார் வியாகுலம்.
உபதேசியார் சிரிக்கலாமா வேண்டாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தார்.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்துக்கு வரிசை கட்டி
சமையல் செய்துகொண்டிருந்தன.
பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று கத்த,
லாரிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின.
அந்த வழியில் எங்கள் வேனும் ஓடியது.
செங்கடல், செங்கடல் என்று
பிள்ளைகள் கூச்சல்.

எர்ணாவூரில் யோனாவின் மீன்.
ஃபைபர். நீலம்.
வாய் வழியே நுழைந்து
வால் வழியே வரவேண்டும்.
உள்ளே சிவப்பு பல்பு, ஈரச் சத்தத்துக்கு ஒரு ஸ்பீக்கர்.
சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்பாய் ஒரு கோடு.
இதுவும் கதையிலே வருதா என்றேன்.
வெள்ளத்தோட எண்ணெய் வந்துச்சே அந்த வருசம்,
அந்தக் கறை, தேச்சும் போகலை,
வயித்துக்குள்ள கறுப்பாத்தானே இருக்கும்னு விட்டுட்டோம்
என்றான் டிக்கெட் கிழிக்கும் பையன்.

அப்போது கரண்ட் போனது.

ஸ்பீக்கர் நின்றது.
மீனின் வயிற்றில் பதினோரு பேர்,
வேர்வை, தக்காளி சாத ஏப்பம்,
யாரோ அருள் நிறைந்த மரியே தொடங்கி
பாதியில் விட்டார்கள்.
மதலேனின் கை என் கையைத் தேடிப் பிடித்தது.
சில்லென்றிருந்தது,
ஐஸ் பெட்டியில் கிடந்த கை மாதிரி.
போன கிறிஸ்துமசுக்கு
நானும் அந்த மாடிக்குப் போயிருந்தேன்
என்றாள்.
அவ்வளவுதான்.
நான் ஊம் என்றேன்.
அதற்குமேல்
யாருக்கும் கேட்கும்படி எதுவும் இல்லை.

கரண்ட் வந்ததும்
அவள் வால் வழியே முதலில் வெளியேறினாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
மணலி பக்கம் ஆலைக் குழாயின் உச்சியில் நெருப்பு.
அக்கினித் தூண் என்றான் ஜெரோம்.
யாரும் இல்லையென்று சொல்லவில்லை.
மதலேன் என் தோளில் தலைசாய்த்துத்
தூங்கினாள், அல்லது
தூங்குவதுபோல இருந்தாள்.

வீட்டில் இஞ்ஞாசி வலை பொத்திக்கொண்டிருந்தார்.
தலை நிமிராமலே கேட்டார்:
யூதாசு காசெல்லாம் வெச்சிருக்கானாமே,
முப்பதும் இருக்கா?

இருக்கு, என்றேன்.
எண்ணினேன்.

ம், என்று நூலைப் பல்லால் கடித்தார்.
இன்னும் இருபது நாள்.